வில், ஷல், கோயிங் டு... எதைப் போடுவது?

எதிர்காலத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். 'வில்' போடணும், அவ்வளவுதான்! கோ என்றால் போ, வில் கோ என்றால் போவேன். பள்ளிக்கூடத்தில் போட்ட அட்டவணையில் மூன்று கட்டம் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் வில், ஷல் என்று எழுதிவிட்டால் மார்க் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இங்கிலீஷ் வினைச்சொல்லில் அந்த மூன்றாவது கட்டமே கிடையாது. தமிழில் உண்டு. ப், வ் என்ற இடைநிலைகள் எதிர்காலம் காட்டும் என்று நன்னூல் சொல்கிறது. படிப்பேன், வருவேன் என்று சொல்லுக்குள்ளேயே நாளை உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் 'கோ' என்பது நேற்றைக்கு 'வென்ட்' என்று உருவம் மாறும். நாளைக்கு என்றால் மாறாது! அதனால் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொற்களைப் பிடித்து வந்து பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். 'வில்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் விரும்புவது என்று பொருள். 'ஷல்' என்பதற்குக் கடன்பட்டிருப்பது, செய்தே ஆகவேண்டியது என்று பொருள்.

இந்த இரண்டுக்கும் விதி எழுதி வைத்தவர் ஒரு கணக்கு வாத்தியார் என்றால் நம்புவீர்களா? ஜான் வாலிஸ். முடிவிலிக்குப் படுத்த எட்டுப் போல ஒரு குறி போடுகிறோமே, அதை அறிமுகப்படுத்தியவர். 1653இல் லத்தீன் மொழியில் அவர் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார். தன்மையில் 'ஷல்' போட்டால் வெறும் தகவல், 'வில்' போட்டால் வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ். பழைய இலக்கணப் புத்தகங்களில் இதற்கு ஒரு ஜோக் வரும். தண்ணீரில் விழுந்த ஒருவன், "ஐ வில் ட்ரௌன், நோபடி ஷல் சேவ் மீ" என்று கத்தினானாம். நான் மூழ்கியே தீருவேன், எவனும் காப்பாற்றக் கூடாது என்று விதிப்படி அர்த்தமாகிவிட்டதாம்! கரையில் நின்றவர்கள் விட்டுவிட்டார்களாம். இன்றைக்கு இந்த விதியை யாரும் தேடிப் போக வேண்டாம். "ஷல் வி கோ?" போன்ற கேள்விகளிலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும்தான் ஷல் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது.

இனி 'கோயிங் டு'. இது ஏதோ புதுசு என்று நம் மாணவர்கள் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் வானம் கறுத்தால் நம் வீட்டுப் பாட்டி என்ன சொல்கிறார்? "மழை வரப் போவுது, துணிய எடுங்க" என்கிறார். மழை எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை. அதே 'போ'தான் இங்கிலீஷிலும் நிற்கிறது. "இட் ஈஸ் கோயிங் டு ரெயின்." கண்ணெதிரே அறிகுறி இருந்தாலோ, முன்பே முடிவு செய்திருந்தாலோ இதுதான் பொருத்தம். பாட்டிக்குத் தெரிந்த இலக்கணம்தான், பள்ளிக்கூடத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை!

முடிவு என்ற இடத்தில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறான். கிராமத்திலிருந்து வந்த ஓர் இன்ஜினியரிங் மாணவன், கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கிறான். டெக்னிக்கல் கேள்விகள் எல்லாம் முடிந்துவிட்டன. மேற்படிப்பு ஏதாவது யோசனை உண்டா என்று கேட்கிறார் எச்.ஆர். அவன் மனதில் இருப்பது என்றைக்காவது, முடிந்தால், காசு சேர்ந்தால் ஓர் எம்.பி.ஏ. வாயில் வந்தது, "எஸ் சார், ஐ ஆம் டூயிங் எம்.பி.ஏ. நெக்ஸ்ட் இயர்." தமிழில் "அடுத்த வருஷம் எம்.பி.ஏ. பண்றேன் சார்" என்று ஆசையைக்கூட அப்படிச் சொல்லிவிடலாம், கேட்பவர் சிரித்துக்கொள்வார். இங்கிலீஷில் அந்த வடிவம் ஏற்பாடு முடிந்தது என்று சொல்கிறது. சீட் வாங்கியாச்சு, பணம் கட்டியாச்சு! எதிரே இருப்பவர் நிதானமாகக் கேட்கிறார்: "ஸோ வென் ஆர் யூ லீவிங் அஸ்?" அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? "ஐ மே டூ" அல்லது "ஐ வுட் லைக் டு" என்று சொல்லியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். வேலை கிடைக்காததற்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு வீடே காத்திருந்த வேலை அது.

ஆக, நாள் குறித்து, ஆளிடம் பேசி வைத்த விஷயமா? "ஐ ஆம் மீட்டிங் த டாக்டர் டுமாரோ." டோக்கன் போட்டாச்சு என்று அர்த்தம். பார்க்கணும் என்று முடிவு செய்திருக்கிறோம், இன்னும் போன்கூடப் பண்ணவில்லை என்றால் 'கோயிங் டு மீட்'. இரண்டுக்கும் நடுவே கோடு அவ்வளவு கூர்மையாக இருக்காது, இங்கிலீஷ்காரர்களே மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். ரயில், பஸ், பரீட்சை மாதிரி அட்டவணைப்படி நடப்பவற்றுக்கு வெறும் நிகழ்காலமே போதும். "த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன்." நாமும் "வண்டி ஒன்பது மணிக்குக் கிளம்புது" என்றுதானே சொல்கிறோம்?

தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடமும் ஒன்று உண்டு. போன் அடிக்கிறது. "நான் எடுக்கறேன்" என்கிறோம், நிகழ்காலம். அதை அப்படியே "ஐ ஆம் டேக்கிங்" என்றால் சரிவராது. அந்த நொடியில் எடுத்த முடிவு, செய்து தருகிறேன் என்று முன்வருவது, இதற்கெல்லாம் 'வில்'தான் வேண்டும்: "ஐ வில் கெட் இட்." அதே போல அம்மா கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்!" என்கிறோமே, இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டோம். விரைவைக் காட்ட எதிர்காலத்தை இறந்த காலமாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியமே அனுமதி தந்திருக்கிறது. இங்கிலீஷில் அந்த அனுமதி செல்லாது, "ஐ ஆம் கமிங்" என்று மட்டும்தான்.

கடைசியாக 'இஃப்'. "இஃப் இட் வில் ரெயின்" என்று எழுதிச் சிவப்பு மை வாங்காதவர்கள் குறைவு. 'மழை பெய்தால்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? 'பெய்வால்' என்றா சொல்கிறோம்? தமிழிலும் அந்த இடத்தில் எதிர்காலம் வராது, இங்கிலீஷிலும் வராது. "இஃப் இட் ரெயின்ஸ்" போதும். 'வந்ததும்' என்பதற்கும் "வென் ஹி கம்ஸ்"தான். இந்த விதியையும் மீறி, வரவேற்பறையில் ஒருவர் மரியாதையாக "இஃப் யூ வில் வெயிட் எ மினிட், சார்" என்று சொன்னால் திருத்தப் போய்விடாதீர்கள். அங்கே நிற்பது எதிர்கால 'வில்' இல்லை. தங்களுக்கு விருப்பமானால் என்று கேட்கும் அந்தப் பழைய 'வில்'.