சிவப்பு மையும் விக்கியும்

2012ஆம் ஆண்டில் ஊடகக் கற்கைநெறி ஒன்றில் வாரத்தில் ஒரு நாள் விரிவுரை நிகழ்த்தி வந்தேன். பதினெட்டு மாணவர்கள். குழுவாக ஓர் ஒப்படை கொடுத்தால் என்ன நடக்கும் என்பது கற்பித்த எவருக்கும் தெரியும். ஒருவர் எழுதுவார்; ஐவர் பெயர் போடுவார்கள்.

இதற்கு மருந்தாகவே விக்கியைக் கையில் எடுத்தேன். அமெரிக்கரான வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் முதலாவது விக்கியைத் தொடங்கியபோது, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரை அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்பதையே எல்லோரும் சிலாகிக்கிறார்கள். ஆசிரியருக்கு வேண்டியது வேறொன்று. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில், எந்தச் சொல்லை யார் எப்போது மாற்றினார் என்பதை 'வரலாறு' பக்கம் சேமித்து வைத்திருக்கும்.

மாணவர்களை நேரே விக்கிப்பீடியாவில் இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. 2011இல் பூனே நகரக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவிக்க எடுத்த முயற்சி, பிறர் எழுத்தை அப்படியே பிரதிபண்ணி ஒட்டியவை குவிந்ததால் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே வகுப்புக்கு மட்டுமான ஒரு விக்கியைக் கணினிக்கூடத்தில் நிறுவுவித்தேன். ஊரின் தொழிலொன்றைப் பற்றி ஒவ்வொரு குழுவும் எழுதவேண்டும்.

முதல் வாரம் உற்சாகமாகப் போயிற்று. மூன்றாம் வாரம் பக்கங்கள் அசையவில்லை. சோம்பேறிகளைக் கண்டுபிடிக்கும் நோக்குடன், கரைவலை பற்றிய பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். 51 திருத்தங்களில் 37 என்னுடையவை! உப ஆசிரியராக இருந்தவனின் கை சும்மா இருக்குமா? மாணவர்கள் எழுதிய வசனங்களை இரவிரவாக அறுத்துத் தைத்திருக்கிறேன். காலையில் வந்து பார்க்கும் பிள்ளைக்கு அங்கே தன்னுடையதென்று என்ன இருந்திருக்கும்?

ஒரேயொரு திருத்தம் மட்டும் மீளமைக்கப்பட்டிருந்தது. 'சம்மாட்டி' என்று எழுதியிருந்ததை, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று 'முதலாளி' ஆக்கியிருந்தேன். கரையோரக் கிராமத்திலிருந்து வந்த, வகுப்பில் வாயே திறவாத மாணவி அதைப் பழையபடி ஆக்கிவிட்டு, உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார்: "சேர், முதலாளி என்றால் கடைக்காரரையும் சொல்வம். வலைக்குச் சம்மாட்டிதான்."

முதலில் வந்தது கோபம். பிறகுதான் வேறு நினைவுகள் வந்தன. கிராமத்து நிருபர்கள் அனுப்பிய பிரதிகளில் இப்படி எத்தனை சொற்களைச் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்! பத்திரிகைக்கு வரலாற்றுப் பக்கம் கிடையாது. மறுத்தெழுத அவர்களுக்கு இடமும் இருக்கவில்லை.

அடுத்த வகுப்பில் மாணவர்களிடம் இதைச் சொன்னேன். இனி நான் உரையாடல் பக்கத்தில் கேள்விகள் மட்டுமே எழுதுவேன் என்றேன். அவர்கள் உடனே நம்பவில்லை. இரண்டு வாரங்களின் பின், வலையின் மடியைப் பற்றி இருவர் அங்கே சண்டைபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தந்தையிடம் தொலைபேசியில் கேட்டுவந்து எழுதினார். எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கற்கைநெறி முடிந்து சில ஆண்டுகளில் அந்தக் கணினி பழுதாகி, பக்கங்களும் போயின. கரைவலைக் கட்டுரையின் அச்சுப்பிரதி ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. வரலாற்றுப் பக்கத்தையும் அச்செடுத்து வைக்க அன்று எனக்குத் தோன்றவில்லை.