அக்காவின் தாடை

எங்க அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில பிசிர் வெட்டுறவ. 2021இல் அவளுக்கு இடது தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. உடைந்து சீழ் வடிந்தது. காய்ந்தது. மறுபடியும் உடைந்தது. ரெண்டு வருசம் இதே கதைதான். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, “வலியே இல்ல கண்ணு, அதுக்கெதுக்கு அரைச் சிப்டை உடறது?” என்பாள்.

வலி இல்லாததுதான் இந்த நோயின் சூது. பல் சொத்தையாகி உள்ளே நரம்பு செத்துப்போனால் வேர்நுனியில் சீழ் கட்டும். அந்தச் சீழ் எலும்பைத் துளைத்து, சதையைத் தாண்டி, கன்னத்திலோ மோவாயிலோ தாடைக்கடியிலோ வாய் திறக்கும். வடிய வழி கிடைத்துவிடுவதால் பல் வலிக்காது. பார்க்கிறவர்கள் தோல்புண் என்றே நினைப்பார்கள். ஆரம்பத்திலேயே அந்தப் பல்லைப் பிடுங்கினால், அல்லது வேர்ச் சிகிச்சை செய்தால், பெரும்பாலும் ஓட்டை சில வாரத்தில் தானாக மூடிக்கொள்ளும். கத்தியே வேண்டாம்.

அக்காவுக்குக் கிடைத்தது மெடிக்கல் கடைக் களிம்பும் மாத்திரையும்தான். மாத்திரை தின்கிற வரைக்கும் காயும், நிறுத்தினால் வடியும்.

கம்பெனியில் வேறு வைத்தியம் நடந்தது. தண்ணீர் குடிக்க அவளுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். “அவிங்க வளவே அப்பிடித்தான், சொறியும் செரங்குமா” என்று லைனில் ஒருத்தி சொன்னாளாம். எங்க அம்மா பண்ணையத்தில் கொட்டாங்குச்சியில் தண்ணி குடித்தவள். கம்பெனிக்குப் போனால் யாரும் சாதி கேட்கமாட்டார்கள் என்று நம்பித்தான் எங்க வளவுப் பொம்பளைகள் பஸ் ஏறினார்கள். அங்கே சீழுக்கும் சாதி கண்டுபிடித்தார்கள்.

2023இல் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பல் டாக்டரம்மா ஓட்டைக்குள் மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றைச் செருகி எக்ஸ்ரே எடுத்தார். குச்சி நேராகக் கடைவாய்ப் பல்லின் வேரில் போய் நின்றது. அதற்குள் தாடை எலும்பில் ஒரு துண்டு செத்துப்போயிருந்தது. செத்த எலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். தோலிலிருந்து எலும்பு வரை போன சீழ்ப்பாதையை முழுசாக அறுத்தெடுத்துத் தைத்தார்கள். பாதையை மட்டும் அறுத்து வேரை விட்டால் திரும்ப வரும் என்று அந்தம்மா சொன்னார்.

தாடை அழுகுவது உழைக்கிறவர்களுக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் புகையால் தாடை எலும்பு செத்துச் சீழ் வடிந்தது. சிலருக்குத் தாடையையே எடுக்க வேண்டியிருந்தது. 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியின் தீப்பெட்டிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அந்தப் பாஸ்பரஸைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. கத்தி சில தாடைகளைத்தான் காப்பாற்றியது, நோயை ஒழித்தது சட்டம்.

எங்களுக்கும் சட்டம் இருந்தது. பத்துப் பேர் வேலை செய்கிற கம்பெனியில், மாசம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி 0.75 சதம், முதலாளி 3.25 சதம் கட்டவேண்டும். தொடர்ந்து கட்டியிருந்தால் வைத்தியமும் கிடைக்கும், நோய்க்காலத்தில் வருசத்துக்கு 91 நாள்வரை 70 சதம் கூலியும் கிடைக்கும். அக்காவை பீஸ்ரேட், காண்ட்ராக்ட் என்று சொல்லிப் பதிவேட்டிலேயே சேர்க்கவில்லை. கார்டு இருந்து, லீவுக்குக் கூலியும் இருந்திருந்தால், முதல் சீழ் வந்தபோதே ஒரு பல்லோடு முடிந்திருக்கும்.

தையல் பிரித்து மூணு மாசம் கழித்து வேற கம்பெனிக்குப் போனாள். வேலை என்ன, கூலி என்ன என்று கேட்பதற்கு முன்னால், “ஈ.எஸ்.ஐ. புடிப்பீங்களா?” என்றுதான் கேட்டாளாம். நம்ம சனங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். முகத்தில் ஆறாத புண் வடிந்தால் களிம்பு தடவாதீங்க. பல்லைக் காட்டுங்க. கார்டையும் கேளுங்க.