ஊர்ப்பெயர் இழந்த விதை

பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருக்குச் சிறிது இளக்காரம் தோன்றுவது வழக்கம். முத்திரை சேர்ப்பவரையும் புறா வளர்ப்பவரையும் வேலையற்றோர் பட்டியலிற் சேர்த்துவிடுகிறோம். ஆயினும், கூலியை எதிர்பாராமல், மேற்பார்வைக்கு அஞ்சாமல், கையும் கருத்தும் ஒன்றி ஒருவன் செய்கின்ற வேலை எதுவோ அதிலேதான் மனித உழைப்பின் இயல்பான அழகு வெளிப்படுகிறது என்பது என் எண்ணம். தோட்டக்கலையில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஒட்டு மாங்கன்று வைக்கும் கிழவரும், குரோட்டன் செடிகளில் புது நிறந் தேடும் இல்லத்தரசியும் தம்மையறியாமலே விஞ்ஞானிகளாகின்றனர். அத்தகைய பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். செடியின் பெயரைச் சொன்னால் வாசகர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அது கஞ்சாச் செடி.

2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில மாதங்களை ரொறன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியில், என் தமக்கையாரின் மகன் வீட்டிற் கழித்தேன். பண்டசாலை ஒன்றில் இரவு வேலை செய்பவன் அவன். வீட்டின் நிலக்கீழறையில், அலுமாரி அளவான துணிக்கூடாரம் ஒன்றினுள் அவன் இந்தச் செடியை வளர்த்து வருகிறான். ஒளித்து அன்று. கனடாவில் 2018 ஒக்ரோபர் 17ஆந் திகதி தொடக்கம் கஞ்சா சட்டபூர்வமானது. வயது வந்தோர் வீடொன்றுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். கியூபெக் மாகாணம் தன் எல்லைக்குள் வீட்டுப் பயிரைத் தடைசெய்தது. அத்தடை செல்லுமென 2023 ஏப்பிரலில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்ராறியோவில் அத்தகைய தடை இல்லை. மருமகன் புகைப்பதுண்டா என்று நான் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை. முப்பத்தைந்து வயதுக்காரனிடம் மாமன் கேட்கும் கேள்வியன்று அது.

முப்பது ஆண்டுகள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். கூடாரத்தின் முன்னே நின்றபோது எனக்குத் தோன்றியது அருவருப்பன்று, ஆவலே. உட்புறம் வெள்ளி நிறத் துணி, மேலே மின்விளக்குகள், வாசனையை அடக்கக் கரி நிரப்பிய உருளை ஒன்றும் காற்றாடியும். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே ஆனி மாதத்து வெயில். இச்செடி இரவின் நீளத்தை அளந்து பூப்பது. பதினெட்டு மணி நேரம் ஒளி கொடுத்தால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். ஒளியைப் பன்னிரண்டு மணியாகக் குறைத்தால், மாரி வருகிறது என்று எண்ணிப் பூக்கத் தொடங்கும். அந்த இருளில் தவறிய சிறு வெளிச்சம் பட்டாலும் அது குழம்பிவிடும். சிலவேளை பெண் செடியிலேயே ஆண் பூ தோன்றிவிடும். பஞ்சாங்கத்தை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்டான் என்றே சொல்லவேண்டும்.

பப்பாசியைப் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பிசின் செறிந்த பூவைத் தருவது பெண். மகரந்தம் காற்றிற் பறக்கும். அது பட்டால் பெண் செடி தன் வலிமையை விதைக்கே செலவிடும். ஆகவே பூவுக்காக வளர்ப்போர் ஆணைக் கண்டவுடன் பிடுங்கி எறிவர். மருமகனோ எறிவதில்லை. ஒருநாட் காலை, வேலையால் வந்த சட்டையோடு கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கணுக்களைப் பார்த்தவன் என்னை அழைத்தான்.

“மாமா, இஞ்ச பாருங்கோ. இது ஆண். இண்டைக்கே பிரிச்சு மேலறையில வைக்கவேணும். பூ விரிஞ்சுதெண்டால் எல்லாம் விதையாப் போயிடும்.”

“பிறகேன் தம்பி அதை வைச்சிருக்கிறாய்?”

“தகப்பன் இல்லாமல் பிள்ளை எப்பிடி மாமா?”

தனியே வைத்த செடியிலிருந்து தாளிற் தட்டியெடுத்த மகரந்தத்தை, சித்திரம் தீட்டும் தூரிகையால், தேர்ந்த பெண் செடியின் கீழ்க்கிளை ஒன்றில் மட்டும் தடவினான். அக்கிளையில் ஒரு நூலும் துண்டும் கட்டினான். மெண்டல் துறவியார் மடத்துத் தோட்டத்திற் பட்டாணிக்குச் செய்ததும் இவ்வகை வேலைதான். முதற் தலைமுறை ஏறத்தாழ ஒன்றுபோல வரும். அவற்றைத் தம்முள் கலந்தாற் பிறக்கும் இரண்டாந் தலைமுறையிலேதான் பாட்டன் பாட்டியின் குணங்கள் பல வகையாகப் பிரிந்து தோன்றும். அவ்வகைகளைக் காண நூற்றுக்கணக்கான செடிகள் வேண்டும். மெண்டல் பல்லாயிரம் செடிகளைப் பார்த்தார். இவனுக்குச் சட்டம் தந்தது நான்கு.

இந்த நான்கு என்ற எண் ஒரு நல்ல காரியத்தையும் செய்திருக்கிறது. தனியொருவனால் முடியாதென்பதால், அயலில் உள்ள மூவர் நால்வர் ஒரே விதையைப் பங்கிட்டு, வீட்டுக்கு நான்காக வளர்த்துக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அவர்களில் ஒருவர் யமேக்கா நாட்டவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எந்தச் செடி பூஞ்சணத்தைத் தாங்கியது, எது எலுமிச்சை மணத்தது, எது உயரத்தில் அடங்கியது என்று அவர்கள் விவாதித்ததைக் கேட்டிருந்தேன். எங்களூர்ப் புகையிலைத் தோட்டக்காரர் வரம்பிலிருந்து இலையின் தடிப்பைப் பற்றிப் பேசியது நினைவுக்கு வந்தது. (புகையிலை எத்தனை உயிரைக் குடித்ததென்று உலகறியும், அதைப் பயிரிட்டதற்காக என் தந்தையாரை எவரும் விலங்கிட்டதில்லை.)

மருமகன் விதை வாங்கும் பட்டியல் ஒன்றைக் காட்டினான். அதிலே ‘வைட் விடோ’ என்றொரு வகை; வெள்ளை விதவை என்று பொருள்படும். 1990களில் ஒல்லாந்தில் புகழ்பெற்றது. அதன் பெற்றோர் யாரெனில், பிரேசில் நாட்டுச் செடி ஒன்று, தென்னிந்தியச் செடி ஒன்று என்று எழுதியிருந்தது. தென்னிந்தியாவில் எந்த மலை, எந்த ஊர், யாருடைய தோட்டம் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கேரளத்து மலைகளிலிருந்து வந்தது என்று வளர்ப்போர் சொல்லிக்கொள்கின்றனர்.

கேரளக் கஞ்சா! யாழ்ப்பாணத்துப் பத்திரிகை படிப்பவருக்கு இச்சொல் எவ்வளவு பழகியது! கடற்கரையில் பொதி மீட்பு, படகில் வந்த இருவர் கைது, நீதிவான் முன் நிறுத்தம். ஒரு கடலின் கரையில் விலங்கு. இன்னொரு கடலின் கரையில் வண்ணப் பட்டியல்.

மேனாட்டார் இந்த வித்தையைத் தாமே கண்டுபிடித்ததாக எண்ணுவது உண்மைக்குப் பொருந்தாது. விதையில்லாப் பூவை உண்டாக்கும் முறையைக் கலிபோர்னியாவின் கண்டுபிடிப்பாகப் பேசுவோர், இந்தியச் சணற் போதைப்பொருள் ஆணைக்குழுவின் 1893-94ஆம் ஆண்டு அறிக்கையைப் படிக்கவேண்டும். வங்காளத்தின் நவகாவ்ப் பகுதியில் கமக்காரர் அரசாங்க அனுமதியுடன் கஞ்சா பயிரிட்டனர். பூக்கும் பருவத்தில் ‘பொத்தார்’ எனப்படும் தேர்ந்த கையாள் வயலுக்குள் இறங்கி, ஆண் செடிகளை இனங்கண்டு ஒவ்வொன்றாக அகற்றுவான். கஞ்சா வைத்தியர் என்று ஆங்கிலேயர் அவனுக்குப் பட்டமுஞ் சூட்டினர். என் மருமகன் கைவிளக்கைப் பிடித்துக் கணுவிலே தேடியதை, அந்தப் பெயரில்லாத மனிதன் ஏக்கர் கணக்கான வயலில், வெறுங்கண்ணால், வெயிலிற் செய்தான். 1917இல் அக்கமக்காரர் தமக்கொரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்தனர். இன்று பங்களாதேசத்துக்குள் அடங்கும் அப்பகுதியில், 1980களின் பிற்பகுதியில் அப்பயிர் நிறுத்தப்பட்டது.

அதே ஆணைக்குழு, மிதமான உபயோகத்தாற் பெருந்தீங்கில்லை, மிதமிஞ்சினால் தீங்குண்டு, முற்றாகத் தடுப்பது வேண்டியதில்லை என்று முடிவு சொன்னது. வரிப்பணத்தின் மேல் ஆட்சியாளருக்கிருந்த அக்கறையை நான் மறக்கவில்லை. எனினும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சாட்சியம் எடுத்து எழுதிய முடிவு அது. பின்னர் வந்த சட்டங்கள் அத்துணைச் சிரமப்படவில்லை. 1925இல் ஜெனீவா உடன்படிக்கை இந்தியச் சணலைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, மருத்துவத்துக்குப் புறம்பான உபயோகம் 25 ஆண்டுகளுள் ஒழியவேண்டுமென்று கெடு வைத்தது. இந்தியாவின் சட்டம் 1985இல் பிறந்தது.

தடை பயிரை ஒழித்ததா? அதனை வீட்டுக்குள் தள்ளியது. 1983 தொடக்கம் கலிபோர்னிய மலைகளின் மேல் அரசாங்க ஹெலிகொப்டர்கள் வட்டமிட்டுத் தோட்டங்களைத் தேடின. வளர்ப்போர் பலர் கூரைக்குக் கீழே ஒதுங்கினர். கூரைக்கு ஏற்ற செடி குட்டையாக இருக்கவேண்டும், விரைவிற் பூக்கவேண்டும். அதற்கு ஆப்கானிய மலைச்செடியின் இரத்தம் உதவியது. 1960களிலும் 1970களிலும் தரைவழியே கிழக்கு நோக்கி வந்த வெள்ளை இளைஞர் சட்டைப்பையில் விதையைக் கொண்டு சென்றனர். ஆப்கானிஸ்தான், மெக்சிக்கோ, கொலம்பியா மூன்றும் கலந்த ‘ஸ்கங்க்’ என்னும் வகை கலிபோர்னியாவிற் பிறந்து 1980களில் ஒல்லாந்துக்குச் சென்றது. விதை கொடுத்த கமக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டபோது, மருமகன் சிரித்தான். அநேகமாக ஒரு சிகரெட்டுப் பெட்டி கிடைத்திருக்கும் என்றான்.

ஒளித்து வளர்த்தவனுக்குச் சிறிய இடத்திற் பெரிய வீரியம் வேண்டியிருந்தது. அதற்கே தேர்வு நடந்தது. ஐக்கிய அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட சரக்கிலே, மயக்கந் தரும் ரீ.எச்.சீ. என்ற பொருள் 1995இல் ஏறத்தாழ 4 வீதமாக இருந்து 2014இல் ஏறத்தாழ 12 வீதமாயிற்று. அதன் உடன்பிறப்பான, மயக்கந் தராத சீ.பீ.டீ. அருகிப்போயிற்று. இரண்டும் செடியினுள் ஒரே மூலப்பொருளிலிருந்து உண்டாவன. ஒன்றுக்கு வழிவிட்டால் மற்றதற்குப் பங்கில்லை. வளர்ந்துவரும் மூளைக்கு இத்தகைய வீரியம் கேடு செய்யும் என்பதையும், தொடர்ந்து உபயோகிக்கும் இளைஞரிடை மனநோய் கூடுதலாகக் காணப்படுவதையும் மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனை ஆசிரியனாக இருந்த நான் மறைத்தெழுத முடியாது. மருமகனுடைய கூட்டத்தார் தேடுவது இதற்கு மாறானது: வீரியங் குறைந்து, இரண்டு பொருளும் சமமாயுள்ள பழைய சமநிலை. பட்டியல் விற்பவருக்கு அதில் அக்கறை குறைவு.

விற்பவருக்கு வேறொரு சாமர்த்தியமும் உண்டு. வெள்ளி சேர்ந்த கரைசல் ஒன்றைத் தெளித்தாற் பெண் செடியே மகரந்தம் தரும். அதிலிருந்து பிறக்கும் விதை ஏறக்குறைய எல்லாம் பெண். ஆணைத் தேடிப் பிடுங்கும் வேலை மிச்சம். ஆனால் அடுத்த போகத்துக்கு மீண்டும் கடைக்கே போகவேண்டும். 2015இல் ஐக்கிய அமெரிக்கா, குறித்த இரசாயன அளவுகள் கொண்ட கஞ்சாச் செடிகளுக்கும் அவற்றை உண்டாக்கும் முறைக்கும் காப்புரிமை வழங்கியது. பொத்தாரின் கண்ணுக்கு எவரும் காப்புரிமை வழங்கியதில்லை.

இன்னுமொன்று. கூடாரத்து விளக்குக்கும் காற்றாடிக்கும் வந்த மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து நான் திகைத்தேன். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வாறு கூரைக்குள் நடக்கும் பயிர்ச்செய்கை நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 1 வீதத்தை விழுங்குகிறதென 2012இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சூரியன் இலவசமாகச் செய்யும் வேலைக்கு இத்தனை செலவு! சூரியன் தாராளமாக உள்ள நாடுகளிலோ, அதன் கீழே இச்செடியை நட்டவன் மறியலில் இருக்கிறான்.

எங்கள் நாட்டைப் பாருங்கள். மொனறாகலை, அம்பாந்தோட்டைப் பக்கங்களில், சேனைப் பயிர் பொய்த்த இடத்தில், காட்டுக்குள் நாலு பாத்தி போட்டவனைப் பொலிசார் பிடித்த செய்தி மாதந் தவறாமல் வரும். செடிகளுக்குத் தீ வைக்கும் படமும் கூடவரும். மதன மோதகம் முதலிய மருந்துகளுக்கு இதே இலையைச் சுதேச வைத்தியர் காலங்காலமாகச் சேர்த்துவந்தனர். அதற்கு வேண்டிய சரக்கு வழக்கில் பறிமுதலானவற்றிலிருந்தே பெறப்பட்டது. 2025இல் அரசாங்கம் புதிய திட்டமொன்றை வெளியிட்டது. மீரிகமவில் 64 ஏக்கரில், வெளிநாட்டு முதலீட்டாளர் ஏழு பேர், ஏற்றுமதிக்கென மட்டும் கஞ்சா பயிரிடலாம். வேலி, காவல், பிணைத்தொகை எல்லாம் விரிவாகப் பேசப்பட்டன.

இலங்கையின் காட்டுப் பாத்திகளில் தலைமுறையாக நின்று, இம்மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய செடி ஒன்று உண்டு. அவ்விதையை அந்த ஏக்கர்களில் நடுவார்களா, அன்றி ஒல்லாந்துப் பட்டியலிலிருந்து இறக்குவார்களா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு. மொனறாகலைச் சேனைக்காரனுக்கு இத்திட்டத்தில் ஏதும் இடமுண்டா என்றும் சேர்த்துக் கேட்டு, விவசாயத் துறையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருக்கு எழுதினேன். விதை இறக்குமதியாகத்தான் இருக்கும் என்று அவர் பதில் எழுதினார். சேனைக்காரனைப் பற்றி ஒரு வரி: குற்றப்பதிவு இல்லாதவனாயின், வேலிக்குள்ளே நாட்கூலி கிடைக்கலாம்.