உம்மாவும் உடவத்தகலேக் காடும்

வாப்பா மௌத்தாகி, இத்தா முடிந்த பிறகும் உம்மா இத்தாவில் இருப்பவர் போலவே இருந்தார். கட்டில், தொழுகைப் பாய், குசினி வாசல். இந்த மூன்றுக்கும் இடையில்தான் அவருடைய நடமாட்டம். வயது 72. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒன்றைத்தான் சொல்வார்: "மருந்து பாதி, நடை பாதி. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடக்க வையுங்கள்."

சொல்வது லேசு. கண்டியில் எங்கே நடப்பது? ஏரியைச் சுற்றி நடக்கலாமே என்பார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த அழகான ஏரிதான். ஆனால் மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் நகரம் எங்களுடையது. வாகனப் புகை வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும். பாடசாலை விடுகிற நேரத்தில் பாதை கடக்கவே ஓர் ஆள் துணை வேண்டும். உம்மாவுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. "கடைக்காரர் எல்லாம் வாப்பாவைத் தெரிஞ்ச ஆக்கள். அவங்க பாக்க நான் கைய வீசிக்கொண்டு நடக்கிறதா? எனக்கு ஏலாது மகள்."

சகோதரிகளே, இது எங்கள் உம்மாவின் கதை மட்டும்தானா? நம் வீடுகளில் எத்தனை உம்மாமார் இந்த ஒரு வார்த்தையோடு கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்!

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணிதான் ஒரு நாள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்: "உடவத்தகலேவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?" அந்தப் பெயரைக் கேட்டதும் உம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும்பி நிற்கிற காடுதான் உடவத்தகலே. நகரத்தின் நடுவில் 104 ஹெக்டயர், அதாவது 257 ஏக்கர். 'உட' என்றால் மேல், 'வத்த' என்றால் தோட்டம், 'கலே' என்றால் காடு. கண்டி அரசர்களின் காலத்தில் அரண்மனைக்கு மேலே இருந்த தோட்டம் இது. சாதாரண மக்களுக்கு உள்ளே போக அனுமதி இருக்கவில்லை. ஆங்கிலேயர் 1856இல் ஒதுக்கக் காடாக்கினார்கள். 1938இல் சரணாலயமானது. கண்டியில் பிறந்து வளர்ந்த நான், ஐம்பது வயதை நெருங்கும்வரை ஒரு தடவைகூட அதற்குள் கால் வைத்ததில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

முதல் தடவை போனது ஒரு டிசம்பரில். முதல் நாள் இரவெல்லாம் மழை. உம்மாவின் காலில் இறப்பர் செருப்பு. எனக்கும் அப்படித்தான். என்ன அறிவு! குளம்வரைதான் போயிருப்போம். உம்மா ஹபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். கணுக்காலிலும் விரலிடுக்கிலும் நாலைந்து அட்டைகள். நான் பதறிப்போய் நகத்தால் பிய்த்து எறிந்தேன். அதுதான் செய்யக் கூடாத வேலையாம், பிறகுதான் தெரிந்தது. அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருக்கிறது. உம்மாவோ இதயத்துக்காக அஸ்பிரினும் எடுப்பவர். இரத்தம் நிற்கவே இல்லை. வீடு வந்து சேரும்போது செருப்பெல்லாம் சிவப்பு.

மூன்றாம் நாள் ஒரு கடிவாய் சிவந்து வீங்கியது. ஐந்தாம் நாள் சீழ். சீனி வருத்தக்காரர்களின் கால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உணர்வு குறைந்த கால். புண் வந்தாலும் நோவு தெரியாது, வந்தால் லேசில் ஆறாது. தெரிந்த குடும்பத்தில் ஒருவருக்கு விரலில் தொடங்கியது முழங்கால்வரை போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கொழும்பில் இருந்து நானா வந்தார். "காட்டுக்குள்ள கொண்டு போறதுக்கு உனக்கு வேற ஆள் கிடைக்கல்லையா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் வாய் இருக்கவில்லை. பத்து நாள் மருந்து கட்டினோம். ஒவ்வொரு சுபஹுக்குப் பிறகும் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும். புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு நான் காட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. ஜனவரியில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றோரப் பாதையில் மேடு பள்ளம் இல்லை, முழங்கால் நோவு உள்ளவர்களுக்கும் ஏற்ற நடை. ஒரு பக்கம் ஆள் தொடை அளவு பருத்த ராட்சத மூங்கில்கள், மறுபக்கம் ஆறு, மேலே மரங்களில் ஆயிரக்கணக்கில் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள். உம்மா நன்றாகவே நடந்தார். திரும்பி வரும்போது த்ரீவீலுக்குள் மெதுவாகச் சொன்னார்: "நல்ல இடம்தான் மகள். ஆனா இது தோட்டம். புல்லைக்கூட வெட்டி வெச்சிருக்கிறாங்க. உடவத்தைக்குத்தான் போவோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காலை வெச்சிக்கொண்டா? நானாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டேன். த்ரீவீல்காரர் கண்ணாடியில் பார்த்தார். உம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் சின்னதுல விறகு பொறுக்கின இடம் அது."

உம்மா பிறந்த வீடு அந்தக் காட்டின் அடிவாரத்தில்தானாம். உம்மும்மாவோடு காய்ந்த சுள்ளி பொறுக்கப் போவாராம். பன்னிரண்டு வயதில் பெரிய பிள்ளையானார். அதற்குப் பிறகு காடு ஜன்னலோடு சரி. அறுபது வருடம்! இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்த மகள் நான், ஒரு நாளும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பெப்ரவரியில் மழை ஓய்ந்ததும் போனோம். இம்முறை முழுச் சப்பாத்து, நீண்ட மேசு. காற்சட்டையின் ஓரத்தை மேசுக்குள் விட்டு, மேலே சவர்க்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்தோம். கைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் உப்பு. கடித்த அட்டையைப் பிய்க்காமல், பக்கவாட்டில் நகத்தை விட்டு வாயை மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். உப்பு, சப்பாத்தில் ஏறுகிற அட்டைக்கு. வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கெல்லாம் டோர்ச் அடித்துப் பார்ப்போம். பெண்கள் தனியாகப் போகாதீர்கள். காலையில், இரண்டு மூன்று பேராகப் போவதே நல்லது. சாப்பாட்டுப் பொதியைக் கையில் பிடிக்கவே வேண்டாம். இந்த நாட்டில் மட்டுமே இருக்கிற 'ரிலவா'க் குரங்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

குளத்தைச் சுற்றி ஒரு பாதை. அதிலிருந்து பிரிந்து போகிற அகலமான பாதைக்கு 'லேடி ஹோர்டன்' என்று பெயர். 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்டனின் மனைவி அவர். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1814இல் ஓர் அழகியைப் பற்றி எழுதிய பிரபலமான கவிதை இவரைக் கண்டு எழுதியதுதான். உம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவவும் சீனிக்கா நடந்தா?" என்று கேட்டார்.

அன்று வழி சொன்னது நானல்ல. "இது கித்துள். இதுலதான் பாணி எடுக்கிற." "இது புஸ்வெல் கொடி. இதுட கொட்டையை வெச்சி நாங்க விளையாடின." மலைப்பாம்பு போல முறுக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவுகிற கொடி அது. கை நீளத்துக்கு மேல் காய் காய்க்கும். ஓர் இடத்தில் மட்டும் உம்மா திகைத்து நின்றார். மரங்களின் உச்சிவரை ஏறிப் படர்ந்து, நிலத்தையும் மூடிக் கிடந்த இலைகளைக் காட்டி, "இது அப்ப இருக்கல்லையே" என்றார். எங்கள் வீட்டு ஷோகேஸ் மேல் போத்தல் தண்ணீரில் நிற்கிற அதே மணி பிளான்ட்! பசிபிக் தீவிலிருந்து வந்த செடி, இங்கே காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட பெரு பல்சம் என்ற மரமும் அப்படித்தான். அது அடர்ந்த இடத்தில் நம் நாட்டு மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறோம். முதலில் இருபது நிமிடம், இப்போது முக்கால் மணித்தியாலம். மூன்று மாதச் சீனிக் கணக்கு 9.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. டாக்டருக்கு இன்னும் போதாது. குளிசை ஒன்றும் குறையவில்லை. ஆனால் கட்டிலுக்கும் பாய்க்கும் இடையில் இருந்த உம்மா இப்போது முந்தின இரவே சப்பாத்தை வாசலில் எடுத்து வைக்கிறார்.

போன மாதம் நானா வந்திருந்தார். "நானும் வந்து பாக்கிறேன், என்னதான் ஈக்குதெண்டு" என்று தோல் செருப்போடு கிளம்பினார். சப்பாத்துப் போடச் சொன்னேன், கேட்கவில்லை. முன்தினம் ஒரு தூறல் வேறு. குளத்தடியில் திடீரென்று அவர் ஒற்றைக் காலில் துள்ளத் தொடங்கினார். உம்மா அவசரப்படாமல் வாங்கில் உட்கார்ந்தார்.

"காலைக் காட்டு மகன். பிய்க்காதே, நான் எடுக்கிறேன்."