கொதிப்பும் குளிர்ச்சியும்

பொறியியல் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டால், உலகத்து இயந்திரங்கள் எல்லாம் தனக்குக் கைகட்டி நிற்கும் என்று ஒருவன் எண்ணிக்கொள்வது இயல்பு. எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பழைய அம்பாசிடர் கார்தான் அதைப் போக்கியது.

என் ஊர் ராமகுப்பம். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மேட்டு நிலம். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள். தகப்பனாரை நைனா என்றே அழைப்போம். அம்பாசிடர் கார் செய்வது 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் நைனாவின் வாடகை வண்டி நிற்கவில்லை. அது ஓடியதால்தான் என் விடுதிக் கட்டணமும் கட்டப்பட்டு வந்தது.

நான் ஊர் போய்ச் சேர்ந்த அன்று வண்டி வாசலில் நின்றது. நைனா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வேலூருக்குப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லையாம். திரும்பி வரும்போது, பேரணாம்பட்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியதும் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்ததாம். மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. பக்கத்து ஊர்ப் பட்டறையில் காட்டினார். "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், இஞ்சினைப் பிரிக்க வேண்டும், 35,000 ரூபாய் ஆகும்" என்றார்களாம்.

"வித்துடலாம்னு பாக்கறேன்" என்றார் நைனா. வெள்ளிக்கிழமை அம்மாவை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்கும் அந்த வண்டிதான்.

"முதலில் நான் பார்க்கிறேன், நைனா" என்று எழுந்தேன். நான் செய்த முதற்காரியம் என்ன தெரியுமா? சற்றுமுன் கடைத்தெருவுக்குப் போய் வந்து சூடாக நின்ற வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்ததுதான்! நைனா பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார். "படிச்ச பிள்ளை செய்யற வேலையாடா இது?"

அவர் கேட்டது நியாயமே. ஊர் மேட்டில் இருந்தால் நீர் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். ஆனால் மூடி போட்டு அழுத்தத்தைக் கூட்டினால், கொதிக்கும் சூடும் கூடும். வளிமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கானால், 120 டிகிரியில்தான் நீர் கொதிக்கும். அத்தகைய நீரின் மூடியைத் திடீரென்று திறந்தால், அது ஆவியோடு முகத்தில் பாய்ந்துவிடும். தேர்வில் நான் அழகாக எழுதிய விடைதான் இது. கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில், இயந்திரம் நன்றாக ஆறியபின் தொடங்கினேன். செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவுள்ளவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொண்டேன். பேன் பெல்ட் தளரவில்லை. ரப்பர்க் குழாய்களில் கசிவு இல்லை. வாட்டர் பம்பின் அடியில் ஈரமில்லை. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும், அப்படி இல்லை. மூடியைத் திறந்து வைத்தே இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன். கேஸ்கட் கிழிந்திருந்தால் நீரில் குமிழிகள் ஓயாமல் எழும், அதுவும் இல்லை. கேஸ்கட்டின் மேலிருந்த பழி பாதி நீங்கிற்று.

அடுத்தது தெர்மோஸ்டாட். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து, சூடேறியதும் திறந்துவிடும் சிறு கதவு அது. திறக்காமல் சிக்கிக்கொண்டால் வண்டி கொதிக்கும். குற்றவாளி அதுதான் என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். கழற்றி எடுத்து, அம்மாவின் வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, பள்ளிக்கூட ஆசிரியரிடம் இரவல் வாங்கிய வெப்பமானியையும் நீரில் இட்டு, அடுப்பை மூட்டினேன். அதன்மேல் பொறித்திருந்த எண் 82. வெப்பமானி 82-ஐத் தொட்டதும் அது ஒழுங்காகத் திறந்துகொண்டது. என் முகம் சுருங்கிற்று.

அடுப்பருகே நின்ற அம்மா சொன்னாள்: "அது திறக்குதான்னே பாக்கறியே, பாத்திரத்தோட அடியைப் பாருடா. நம்ம போர்த் தண்ணியக் காய்ச்சினா மாசத்துக்கு ஒருதரம் சுரண்டியாகணும். வண்டிக்கும் உங்க நைனா அதைத்தானே ஊத்தறாரு?"

பார்த்தேன். பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு ஏடு கட்டியிருந்தது.

எங்கள் பக்கத்து ஆழ்குழாய் நீர் உப்பு மிகுந்த கடின நீர். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு, சூடேறியதும் பிரிந்து பாறைபோல் படியும். ரேடியேட்டருக்குள் இருப்பவையோ மிக ஒடுங்கிய குழாய்கள். வண்டியில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் வைத்துக்கொண்டு, நின்ற இடமெல்லாம் ஊற்றுவது நைனாவின் பழக்கம். 1888-இல் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் செய்த மோட்டார் வண்டியில் தம் மக்கள் இருவரோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றபோது, வழியெல்லாம் நீர் ஊற்றிக்கொண்டே போனார். அன்றைய வண்டியில் நீர் ஆவியாகிப் போய்த்தான் இயந்திரம் குளிர்ந்தது. அதனால் அது தேவையாயிற்று. நம் காலத்து வண்டியில் அதே நீர் சுற்றிச் சுற்றி வரவேண்டும். புதிதாக ஊற்றும் ஒவ்வொரு குவளையும் புதிய சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, வண்டியைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் முகப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன். மேலே அனல் வீசிற்று. நடுவிலும் ஓரத்திலும் பட்டை பட்டையாகக் குளிர்ந்து கிடந்தது. சூடான நீர் அங்கெல்லாம் போகவேயில்லை! சமவெளியில் எஞ்சிய குழாய்களே போதும். மலையேற்றத்தில் இயந்திரம் முழு வலுவோடு உழைக்கிறது. வண்டி மெதுவாக ஊர்வதால் எதிர்க்காற்றும் குறைவு. அப்போதுதான் அடைப்பு வெளிப்பட்டது.

குப்பத்தில் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒருவர், பற்றவைப்பைப் பிரித்து, மெல்லிய கம்பியைக் குழாய் குழாயாக விட்டுத் தள்ளினார். வெள்ளைப் பொடி கொட்டிற்று. கூலி 2,500 ரூபாய். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து நிரப்பினோம்.

வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வேலூர் போய்த் திரும்பினோம். மலைப்பாதையில் மூவரும் பேசவில்லை. மூவர் கண்ணும் வெப்பங்காட்டும் முள்ளின் மேலேயே இருந்தது. அது பாதியைத் தாண்டவில்லை. உச்சியில் வண்டியை நிறுத்தி, பழக்கத்தால் கேனைக் கையில் எடுத்த நைனா, ஒரு கணம் நின்றார். பிறகு அதைத் திறந்து அம்மாவிடம் குடிக்கக் கொடுத்தார்.

பட்டறைக்காரரை நான் குறைகூற மாட்டேன். அவர் செலவு மிகுந்த முனையிலிருந்து தொடங்கினார். நான் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். அம்மாதான் தினமும் கையால் தேய்க்கும் பாத்திரத்திலிருந்து தொடங்கினாள். நண்பர்களே, நாம் படிக்கும் நூல்களில் நம் வீட்டு அடுப்படியும் ஒன்றாக இருக்கட்டும். அதைப் புரட்டிப் பார்க்காமலே நான் இரண்டாண்டு படித்துவிட்டேன்.