ராமகுப்பத்தில் இன்ச் ஸ்பேனர்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் வெளியூர் கிளம்பும்போது டிக்கியைப் பார்க்க வேண்டும். மாற்றுத்துணி வைக்க இடம் இருக்காது. உபரியாக ஒரு ஃபேன் பெல்ட், அதற்கும் உபரியாக இன்னொன்று, எப்போதோ கழற்றிப் போட்ட கார்புரேட்டர், எந்த வண்டியுடையது என்றே மறந்துபோன வாட்டர் பம்ப், இவற்றுக்கு மேல் கோணியில் சுற்றிய ஸ்பேனர் மூட்டை. என் நண்பரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு டிக்கியும் இப்படித்தான் இருந்தது. பேர்ணாம்பட்டு, வி.கோட்டா வழியாகக் குப்பம் போய்வரத்தான் இத்தனை ஏற்பாடு. வேலை தெரிந்த ஒருவரிடம் மூட்டையை அவிழ்த்துக் காட்டி எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டுவிடுவோம் என்றேன். கேட்கப் போன இடம் ராமகுப்பத்தில் ஒரு டிராக்டர் பட்டறை. கார் மெக்கானிக்கை விட்டுவிட்டு ஏன் டிராக்டர் பட்டறை என்று நண்பருக்கே முதலில் புரியவில்லை.

ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் நிறுவனம் கொண்டுவந்த வண்டி இது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் நம்மூரிலேயே தயாரானது. மறு வருடம் இங்கிலாந்தில் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கச் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், இன்ஜின் குடும்பம் எல்லாம் ஹெரால்டிலிருந்து எடுத்தவை. இந்திய ஹெரால்டின் 948 சிசி இன்ஜின் சோழவரம் பழைய விமான ஓடுதளத்துப் பந்தயங்களிலும் ஓடியிருக்கிறது. இதன் பலம் முழுக்கச் சேஸிஸில் இருப்பதால் கூரையைப் போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். நண்பரின் இரண்டு கதவு வண்டியில் யாரோ எப்போதோ அப்படிக் கழற்றிவிட்டுக் கான்வாஸ் போட்டிருக்கிறார்கள். பானெட் மொத்தமும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜினில் வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியாக ரிப்பேர் பார்க்க விடும் கார் இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், குப்பம் தொகுதிக்குள் இருக்கிறது. தமிழ்நாடும் கர்நாடகமும் பக்கத்திலேயே. பட்டறையில் தெலுங்கில் தொடங்கும் வாக்கியம் தமிழில் முடியும், திட்டு மட்டும் கன்னடத்தில் வரும். வழியெல்லாம் தக்காளித் தோட்டமும் மல்பெரிச் செடியும். மலைப்பாதையை ஒட்டிய காடு கௌண்டின்யா சரணாலயத்தைச் சேர்ந்தது, யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பிறகு அந்த ஏற்றத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. அந்தப் பக்கம் போகிற பழைய வண்டிக்காரர் பகலிலேயே மலை ஏறி முடித்துவிட வேண்டும். எந்த ஸ்பேர் பார்ட்ஸைவிடவும் இது முக்கியம்.

பட்டறை என்றால் தகரக் கொட்டகையும் ஒரு புளியமரமும். கொட்டகைக்குள் சிவப்பு மகேந்திரா ஒன்று வயிறு திறந்து கிடந்தது. மரத்தடியில் பழைய மேஸ்ஸி பெர்குசன் ஒன்றுக்கு முன் அச்சு இல்லை, மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டைக் கவிழ்க்கச் சொன்னார், பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தார். "ஏமி சார், பொம்மை மாதிரி இருக்குது. ஆனா போல்ட்டெல்லாம் நம்ம மேஸ்ஸி போல்ட்டு" என்றார்.

நான் கேட்க வந்தது இதைத்தான். அக்காலத்து ஆங்கிலேயக் கார்களில் பெரும்பாலான போல்ட்டுகள் இன்ச் அளவு. இன்றைய கார் கடைகளில் தொங்குகிற ஸ்பேனர்கள் மில்லிமீட்டர் அளவு. அரை இன்ச் நட்டுக்கு 13ஆம் நம்பர் ஸ்பேனர் ஏறும், ஆனால் இறுக்கமாக இருக்கிற நட்டில் நழுவி மூலைகளைத் தேய்த்துவிடும். 9/16 இன்ச்சுக்கு 14 ஏறாது, 15 ஆடும். மாருதி பார்த்துப் பழகிய ஒரு பையன் நல்லெண்ணத்தோடு ரெண்டு நட்டைத் திருகினால் போதும், அதற்கப்புறம் உளிதான். ஆனால் சென்னையில் டாஃபே தயாரித்த மேஸ்ஸி டிராக்டரும், இன்டர்நேஷனல் பி-275 வழிவந்த பழைய மகேந்திராவும் இதே இன்ச் போல்ட்டில் கட்டப்பட்டவை. அதனால் கிராமத்து டிராக்டர் மேஸ்திரியின் ஆணிப்பலகையில் 7/16, அரை, 9/16, முக்கால் எல்லாம் வரிசையாக இருக்கும். நகரத்துச் சர்வீஸ் சென்டரில் இருக்காது. லண்டனிலிருந்து தோல் உறையில் சுற்றிவரும் டூல் ரோல் வாங்கிப் பெருமைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அதில் பாதிப் பணத்தை வழியில் எந்தெந்த ஊரில் டிராக்டர் பட்டறை இருக்கிறது என்று பார்த்துவரச் செலவழிக்கலாம்.

மூட்டையை அவிழ்த்தோம். மேஸ்திரி தரையில் இரண்டு கோணிகளை விரித்தார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வண்டிக்கு. தண்ணீர்க் குழாய், கிளிப், ஒயர், கிரீஸ் டப்பா, கியர் ஆயில் கேன், கட்டுக்கம்பி, சுத்தியல் எல்லாம் வீட்டுக் கோணிக்குப் போயின. "இது எங்கிட்டயே இருக்குது சார். இல்லைனாலும் பக்கத்துல இருக்குது. இதுக்கு எதுக்கு வெயிட்டு?" கார்புரேட்டரை எடுத்துப் பார்த்தார். அதன் ஜெட்டும் பேக்கிங்கும் மட்டும் வண்டிக் கோணிக்கு வந்தன, மீதி வீட்டுக்கு. அந்த மர்ம வாட்டர் பம்பை உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் தள்ளினார்.

டெல்கோ, அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் சாமான்களுக்கு வந்ததும் வேகம் குறைந்தது. இந்த ஊர் டிராக்டர்கள் டீசலில் ஓடுபவை. தீப்பொறி வேலையே அவற்றில் கிடையாது. அதனால் சி.பி. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டெல்கோ மூடி, காயில் இவை ஐந்தும் நீங்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. அம்பாசடர் ஓடிய காலத்தில் சின்ன ஊர்களிலும் பாயிண்ட் தொங்கும். அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றது, பத்மினி அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டது. இனி பழைய லூகாஸ் சரக்கைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். மேஸ்திரி நண்பரின் உபரி ரோட்டரை டெல்கோவில் பொருத்திப் பார்த்தார். ஏறவில்லை. பார்க்க ஒன்று போலவே இருந்தது, துவாரம் வேறு. பல வருடங்களாக நம்பிக்கையோடு சுமந்துவந்த ரோட்டர் அது. பெட்டியில் போடும் எதையும் ஒருமுறை வண்டியில் மாட்டி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத்தான் எடுத்துவைக்க வேண்டும். சீல் உடைக்காத டப்பா என்றால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது.

ஃபீலர் கேஜ் கேட்டார், எங்களிடம் இருந்தது. பாயிண்ட்டுக்கு 15 தௌ, பிளக்குக்கு 25 தௌ (தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). "கேஜ் இல்லைனா ஹேக்ஸா பிளேடு விடு சார், பிளக்குக்குச் சரியா நிக்கும்" என்றார். உண்மைதான், சாதாரண ஹேக்ஸா பிளேடின் கனம் கிட்டத்தட்ட 25 தௌ. ஏட்டுப் படிப்பு இல்லாத கையில் இப்படி எத்தனை அளவுகள் தங்கியிருக்கின்றன என்று வியந்து நிற்கும்போதே பையனை அழைத்து, "ஒரேய், அந்த பம்பு பாரு" என்றார்.

ஏ.சி. பம்ப் என்று நம்மவர்கள் சொல்லும் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருப்பதால், ஏற்றத்தில் சூடேறிப் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடும். வண்டி இருமும், நிற்கும். ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் சரியாகும். அம்பாசடர் டிரைவர்களுக்குப் பழக்கமான வைத்தியம். இப்போது கூடுதலாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அறுபதுகளில் செய்த ரப்பர் இதைத் தாங்காது. பம்பின் டயஃப்ரம் ஊதிப்போகும், பெட்ரோல் ஹோஸ் உள்ளிருந்து உரிந்து ஜெட்டை அடைக்கும். ஆகவே எத்தனால் தாங்கும் ரப்பரில் ஒரு டயஃப்ரமும் ஒரு முழம் ஹோஸும் வண்டிக் கோணியில் கட்டாயம். பழைய ஸ்டாக் டயஃப்ரம் கிடைத்தது என்று யாராவது சந்தோஷமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

அடுத்து மேஸ்திரி தரையில் படுத்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை ஒரு வெண்கலக் கூட்டில் மரையோடு இறங்கியிருக்கிறது, ஆங்கிலேயர் டிரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் திரும்புகிறது. இதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில். ஆனால் நிப்பிளைப் பார்த்ததும் எல்லாப் பட்டறையிலும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் மேலேயே இறுகிவிடும், கீழே தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவான நோய் இது. இதற்கு ஸ்பேர் எடுத்துப்போய்ப் பயனில்லை, முறிகிற நேரத்தில் நீங்கள் ஸ்பேர் தேடும் நிலையில் இருக்கமாட்டீர்கள். மேஸ்திரி கன்னை மண்ணெண்ணெயில் கழுவி, பேரலிலிருந்து 90 நம்பர் ஆயிலை நிரப்பி, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வந்து ஆயில் சொட்டும்வரை அடித்தார். இரண்டு பக்கமும். அன்று நடந்த வேலையில் மிக முக்கியமானது இதுதான் என்பேன். ஒரு உதிரி பாகமும் செலவாகவில்லை.

டைனமோவையும் செல்ஃபையும் என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். மேஸ்திரி தெருவின் எதிர்ப்பக்கம் கைகாட்டினார். அங்கே போர்வெல் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை. ஆர்மேச்சர் எரிந்தால் மறுநாளுக்குள் சுற்றித்தருவார்களாம், கார்பன் பிரஷ் மட்டும் கையிலிருந்தால் நல்லது. அதற்கடுத்து லேத். புஷ், பின், தேய்ந்த போல்ட் எதுவானாலும் கடைந்து கொடுப்பார்கள். தக்காளியும் நிலத்தடி நீரும்தான் இந்த ஊரின் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்காக வந்த கைவேலைக்காரர்களே பழைய காருக்கும் வைத்தியர்கள். பெரிய ஊரில் "புதுசு மாத்தணும் சார்" என்பார்கள், இங்கே "கொண்டா பார்க்கலாம்" என்கிறார்கள்.

ஒரு காகிதம் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டச் சொன்னது மட்டும் என் யோசனை. தீப்பொறி வரிசை 1-3-4-2, பாயிண்ட் இடைவெளி, பிளக் இடைவெளி, முன்சக்கரக் கூட்டுக்கு ஆயில் மட்டும். கூடவே, இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் எர்த் என்பதும். அக்கால டிரயம்ஃப் வண்டிகளின் வழக்கம் அது. தெரியாத பையன் பேட்டரி மாற்றினால் இக்கால வழக்கப்படி மைனஸை எர்த்தில் கொடுத்துவிடுவான். தமிழிலும் தெலுங்கிலும் எழுதினோம்.

கடைசியில் வண்டிக் கோணியில் இருந்ததை ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்துவிட்டோம். தீப்பொறிச் சாமான், டயஃப்ரம், ஹோஸ், ஃபேன் பெல்ட் ஒன்று, ஹெட் கேஸ்கெட் ஒன்று (ஆணியில் தொங்கவிட்டு மடங்காமல் வைக்க வேண்டிய சாமான், ஆகவே சீட்டுக்கு அடியில் அட்டையில் வைத்தோம்), ஜாக்கி, டியூப். வீட்டுக் கோணியின் கனத்தை அங்கேயே விட்டுவர முடியாதே, திரும்பும்வரை பட்டறை மூலையில் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

மேஸ்திரி பன்னிரண்டு வயதில் வேலைக்கு வந்தவராம். இப்போது கூட இருப்பது அந்த ஒரு பையன்தான். மற்றவர்கள் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார்கள், குப்பத்தில் ஏறினால் சில மணி நேரம். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் வந்துவிட்டன. அந்த வண்டிகளில் டீசலைச் செலுத்துவது மின்னணு முறை, கோளாறு பார்க்க லேப்டாப் வேண்டும். அவை இவரிடம் வருவதில்லை. பழைய மேஸ்ஸியும் மகேந்திராவும் ஓடும்வரை இன்ச் ஸ்பேனருக்கு வேலை இருக்கும், அதற்கப்புறம் ஆணிப்பலகையை யார் வைத்திருப்பார்கள் என்று அவரே கேட்டார்.

ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ அறுபதுகளின் எம்.ஜி.யோ வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்களை ஒரு செட் சொந்தமாக வாங்கி வையுங்கள், இனி எல்லா ஊரிலும் கிடைக்காது. வாங்கியதை ஊர்ப் பட்டறையில் கொடுத்து, அவர்கள் கையாலேயே வேலை செய்யச் சொல்லுங்கள், கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள்.