பெயர் வெட்டுண்டவனின் பேச்சு

டெமொஸ்தெனீஸ் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவன கூழாங்கற்கள். வாயிலே கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகித் தம் நாவின் குறையைத் தீர்த்துக்கொண்டார் என்பது புளூட்டார்க் எழுதிவைத்த கதை. அடுத்தபடியாக, மசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து அவர் முழங்கியவற்றை அறிவர். உயர்தர வகுப்பிலே கிரேக்க உரோம நாகரிகம் பயிலும் மாணவர் சிலர் மாலை வேளைகளில் வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வருவதுண்டு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆயினும் அப்பழக்கம் விட்டபாடில்லை. அவர்களிடம் நான் முதலிலே எடுத்துச் சொல்வது பிலிப்பைப் பற்றிய பேச்சன்று. சந்தையிலே ரிப்பன் விற்ற ஒருத்தியின் மகனுக்காக அந்த நாவலர் எழுதிக்கொடுத்த பேச்சையே சொல்வேன்.

ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றத்தை நம்முடைய புதுக்கடை நீதிமன்றத்தைப் போன்றதென்று எண்ணிவிடலாகாது. அங்கே கறுப்பு அங்கி அணிந்த அப்புக்காத்துமார் இல்லை, பிரக்கிராசிமாரும் இல்லை. வழக்குடையவன் தானே எழுந்து நின்று தன் வாயாற் பேசவேண்டும். முப்பது வயது கடந்த குடிமக்களுள் திருவுளச்சீட்டால் தெரிந்தெடுக்கப்பட்ட நடுவர், பெரிய வழக்குகளிலே ஐந்நூற்றுவர் அளவில், பலகைகளில் அமர்ந்திருப்பர். பேசும் நேரத்தை அளப்பது துளையிட்ட ஒரு மட்கலம். அதிலிருந்து நீர் ஒழுகித் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. சாட்சியம் வாசிக்கப்படும்போது மட்டும் நீரை நிறுத்திவைப்பர். பேச்சுக் கேட்டதும் நடுவர் தம்முள் கலந்தாலோசியாமலே வாக்கிடுவர். பேசத் தெரியாதவன் என்ன செய்வான்? எழுதத் தெரிந்தவரிடம் பணங்கொடுத்து எழுதுவித்து, மனனஞ் செய்து ஒப்பிப்பான். டெமொஸ்தெனீஸ் வயிறு வளர்த்தது இத்தொழிலால்தான்.

கி. மு. 346ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் மக்கள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒவ்வோர் ஊரும் தன் குடிமக்கள் இடாப்பை எடுத்து, பெயர் பெயராக வாசித்து, இவன் உண்மைக் குடிமகனா அன்றா என வாக்கெடுக்க வேண்டுமென்பது அது. தாயும் தந்தையும் ஏதென்ஸ் குடிகளாய் இருந்தாலன்றி மகன் குடிமகனாகான் என்ற விதியை கி. மு. 451இல் கொண்டுவந்தவர் பெரிக்கிளீஸ். (அவரே பிற்காலத்தில், முறையாகப் பிறந்த மக்கள் இருவரையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தபின், அயலூர்ப் பெண்ணான அஸ்பாசியாவிடம் தமக்குப் பிறந்த மகனுக்கு விதிவிலக்குக் கேட்டுச் சபையின் முன் நின்றார். சபையும் இரங்கிக் கொடுத்தது. சட்டம் இயற்றுவோர் இதனைச் சற்றே நினைவில் வைப்பது நன்று.)

ஹலிமூஸ் என்னும் சிற்றூரிலே யூக்ஸிதெயஸ் என்பவனின் பெயர் வாசிக்கப்பட்டது. யூபுலிடீஸ் என்பவனுக்கும் அவனுக்கும் முன்பகை. கூட்டம் நடந்தது நகரத்திலே. ஊரோ நாலு மைலுக்கு அப்பால். யூபுலிடீஸ் பகற்பொழுதைப் பேசியே போக்கினான். முதியோர் பலரும் இருட்டுமுன் வீடு சேரப் புறப்பட்டுவிட்டனர். விளக்கு வைக்கும் வேளையில் எஞ்சியோர் முப்பதின்மருக்கு மேலில்லை. எண்ணியபோதோ அறுபதுக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தனவாம். பெயர் வெட்டுண்டது. அவன் மேன்முறையீடு செய்தான். அதிலும் தோற்றால் தண்டனை என்ன தெரியுமா? அடிமையாக விற்கப்படுவான்.

அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்கள் மூன்றே. தந்தையின் பேச்சிலே அந்நிய வாடை வீசிற்றாம். தாய் சந்தையிலே ரிப்பன் விற்றாளாம். பிறர் பிள்ளைக்குப் பாலூட்டிக் கூலி வாங்கினாளாம். அவன் மறுக்கவில்லை. என் தந்தை போரிலே சிறைப்பட்டு, லூக்காஸ் தீவிலே விற்கப்பட்டு, நெடுங்காலங் கழித்து மீண்டவர். நாவிலே அயலார் ஓசை ஒட்டிக்கொண்டது, அது போரின் குற்றமேயன்றிப் பிறப்பின் குற்றமன்று என்றான். தாய் ரிப்பன் விற்றதும் பால் கொடுத்ததும் வறுமையால். வறியவரெல்லாம் அந்நியரானால் இந்நகரில் எஞ்சுவோர் எத்தனை பேர் என்று கேட்டான். உறவினர் ஒவ்வொருவராய் வந்து சாட்சி கூறினர். ஈற்றிலே, வீட்டிலிருக்கும் தன் தாயை முன்னோர் கல்லறையிலே அடக்கஞ் செய்யும் உரிமையையேனும் தனக்கு மீட்டுத்தருமாறு வேண்டினான். பிலிப்பை எதிர்த்த முழக்கத்திலே இத்தகைய இடம் ஒன்றுமில்லை என்பேன்.

இப்பேச்சை மாணவருக்குச் சொல்லும்போதெல்லாம் என் மனம் 1948க்குத் தாவிவிடுகிறது. அவ்வாண்டு ஆகஸ்டிலே காலிமுகத்துப் பாராளுமன்றத்தில் இலங்கைக் குடியுரிமைச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டது. இங்கே பிறந்தவன் ஒருவன் வம்சாவழிக் குடிமகனாவதற்குத் தன் தந்தையும் இங்கே பிறந்தவரென்றோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவரென்றோ காட்டவேண்டும். அப்புக்காத்துமார் இருவர், சொல்வன்மையாற் புகழ்பெற்ற ஜீ. ஜீ. பொன்னம்பலமும் மெல்லிய குரலினரான சா. ஜே. வே. செல்வநாயகமும், அதனை எதிர்த்தனர். முழக்கமும் மென்குரலும் எண்ணிக்கையின் முன் ஒன்றாயின. மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1949இன் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்கையும் இழந்தனர். 1947இல் ஏழு உறுப்பினரை அனுப்பிய இலங்கை இந்திய காங்கிரஸ் 1952 தேர்தலில் ஒருவரையேனும் அனுப்பவில்லை.

இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் கோடாகன்பிள்ளை. வாக்காளர் இடாப்பில் அவர் பெயரைச் சேர்க்கலாமென்று மீளாய்வு அதிகாரி கூறினார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவு கவுன்சிலும் கைவிரித்தது. தன் குடிமக்கள் யாவரென்று வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான உரிமை என்பது அதன் கருத்து. தீர்ப்பைப் படிப்பவர் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைப் பற்றி நிரம்ப அறிவர். கோடாகன்பிள்ளையின் தாய் என்ன தொழில் செய்தாள், தந்தை எவ்வாறு பேசினார் என்பனவற்றுக்கு அங்கே இடமில்லை. சட்டத்தின் பார்வையில் அது முறையே. எனினும் மட்கலத்து நீர் ஒழுகும் அளவுக்கேனும் ஒருவன் தன் வாழ்வைத் தானே சொல்ல இடமளித்த ஏதென்ஸ் மன்றம், எத்துணைக் கொடிய தண்டனையைக் கையில் வைத்திருந்தாலும், இவ்வொன்றிலே உயர்ந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டப்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. பெற்றவரோ ஒன்றரை இலட்சத்தினும் குறைவு. பெறாதவருள் ஒருவரை நான் அறிவேன்.

1950களின் பிற்பகுதியில் நாங்கள் குடியிருந்தது கொட்டாஞ்சேனையில். எங்கள் ஒழுங்கையின் கோடியிலிருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார்; திருநெல்வேலிப் பக்கத்தவர். ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பிறந்தது இக்கொழும்பிலேயே, தந்தை பிறந்ததுதான் அங்கே. என் தந்தையார் அரசாங்க எழுதுவினைஞர். மாலையில் விறாந்தையிலிருந்து அயலவருக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக்கொடுப்பார். அந்நாளில் எனக்குத் தெரியாது, கிரேக்க நாட்டில் அதற்கென ஒரு தொழிற்பெயர் இருந்ததென்று.

திருமணமானவர் 1939 தொடக்கம் ஏழாண்டு இடையறாது இங்கே வசித்ததைக் காட்டவேண்டும்; ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். 1942 ஏப்ரில் 5ஆந் திகதி யப்பானியர் கொழும்பிலே குண்டு வீசினர். நகரமே அஞ்சி ஓடிற்று. அண்ணாச்சி மனைவியையும் கைக்குழந்தையையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். திரும்பப் பதினான்கு மாதம் சென்றது.

"ஐயா, சண்டை வந்தபடியால்தான் போனேன், சும்மா போகவில்லை என்று எழுதுங்கள்" என்பார்.

"எழுதியிருக்கிறேன், அண்ணாச்சி. இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்."

விசாரணை அதிகாரி முன் அவர் கடைப் பேரேடுகளைச் சுமந்து சென்றார். எத்தனை மாதம் என்ற கேள்விக்கு விடையளிக்கவேண்டியிருந்தது. ஏன் என்ற கேள்வி எழவேயில்லை என்று வந்து சொன்னார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குச் செலவழிக்கக் காசில்லை. தாயார் இங்கேயே இறந்து, மாதம்பிட்டி மயானத்திலே தகனமானார். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது அண்ணாச்சி முதற்பங்கிலே சேர்ந்தார். 1970களின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறினார்.

இங்கே எஞ்சியிருந்தோர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அதற்கு அன்று எதிர்த்து வாக்களித்தார் எவருமிலர். மாணவர்கள் என்னிடம் கேட்பது வேறு: யூக்ஸிதெயஸ் வென்றானா? தீர்ப்பு எழுதிவைக்கப்படவில்லை, பேச்சு மட்டுமே நமக்குக் கிடைத்தது. அண்ணாச்சியின் மனுவின் பிரதியொன்று என் தந்தையாரின் கடிதக் கோப்பிலே இன்னும் இருக்கிறது. நாலு பக்கம், அதிலே இரண்டு பக்கம் அந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றியது.